கடல் இல்லாத கிருஷ்ணகிரியில் மார்சேய் மீன் குழம்பு வைக்க முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்து மருமகள்

அனைவருக்கும் வணக்கம். பிரான்சு நாட்டின் தென்கரையில் உள்ள மார்சேய் நகரத்தின் பெயர்பெற்ற மீன் குழம்பான பூயாபேஸை எங்கள் வீட்டில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என் கொழுந்தனார் அந்தப் பக்கத்தில்தான் பணியில் இருக்கிறார். ஆடி முடிந்த கையோடு குடும்பமாக ஊருக்கு வருகிறார்கள். அவருடைய பிள்ளைகள் இருவரும் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "பெரியம்மா, நீங்கள் வைத்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் அன்று எட்டுப் பேர் சாப்பிடுவோம்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பலவற்றைப் படித்தேன். ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கிறது. ஒருவர் மட்டியும் கணவாயும் சேர்க்கச் சொல்கிறார். இன்னொருவர் அவற்றைச் சேர்த்தால் அது பூயாபேஸே அல்ல என்கிறார். அவர்கள் சொல்லும் மீன்களின் பெயர்களை நம் மீன் கடையில் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். எங்கள் ஊருக்குக் கடல் மீன் பனிக்கட்டிப் பெட்டியில்தான் வருகிறது. அணை மீன் என்றால் கிருஷ்ணகிரி அணையிலிருந்து அன்றன்று பிடித்தது கிடைக்கும். பெட்டியில் வந்த கடல் மீனை வாங்குவதா, கண்ணெதிரே துள்ளும் அணை மீனை வாங்குவதா என்பதுதான் என்னுடைய முதல் குழப்பம்.

இரண்டாவதாக, பெருஞ்சீரகச் செடியின் கிழங்கு, சோம்பு மணமுள்ள மது, வெள்ளைத் திராட்சை மது ஆகியவற்றை எல்லாச் செய்முறைகளிலும் கேட்கிறார்கள். கிழங்கு இங்கே கிடைக்காது. மது எங்கள் வீட்டுக்குள் வராது. இவை இல்லாமல் வைத்தால் குழம்பு நிற்குமா? குங்குமப்பூவுக்குப் பதிலாக மஞ்சள் தூள் போதும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், அதை நம்பலாமா?

மூன்றாவது என் மாமியாரைப் பற்றியது. புளி கரைக்காத மீன் குழம்பை அவர் வாயில் வைக்கமாட்டார். "புளி இல்லாவிட்டால் கவிச்சை போகாது" என்பது அவர் தீர்ப்பு. சிறிதளவு புளி கரைத்து ஊற்றினால் குற்றமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

பதில்: பழையபேட்டைக்காரன்

சகோதரிக்கு வணக்கம். பெங்களூரில் ஓர் உணவக அடுக்களையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், மீன் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். குழம்பின் செய்முறையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நீங்கள் படித்த செய்முறைகள் ஒன்றையொன்று மறுப்பதற்குக் காரணம் உண்டு. மார்சேய்க்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு எதையெதையோ கலந்து பூயாபேஸ் என்று விற்கிறார்கள் என்ற வருத்தத்தில், அந்த நகரத்து உணவக உரிமையாளர்கள் சிலர் 1980இல் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். அதில் இடம்பெற்ற மீன்கள் பாறை இடுக்குகளிலும் கடலடியிலும் வாழ்பவை: முள்ளும் செதிலுமாகப் பார்க்கவே அச்சமூட்டும் ராஸ்காஸ், பெருந்தலை கொண்ட லோத், விலாங்கு இனத்தைச் சேர்ந்த கோங்கர், சென்-பியேர் முதலியவை. அந்தப் பட்டியலில் குறைந்தது நான்கு வகை குழம்பில் இருக்க வேண்டும் என்பது விதி. சிங்கி இறால் வகைகள் விருப்பத்துக்கு உரியவை. மட்டிக்கும் சிப்பிக்கும் அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அவற்றைச் சேர்ப்பது பாரிசு நகரத்துப் பழக்கம்.

இந்தப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்த மீன்களின் குணத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அவற்றில் பெரும்பாலானவை கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை கொண்டவை. தலையிலும் எலும்பிலும் தோலிலும் பசைச் சத்து மிகுந்தவை. அந்தப் பசைதான் குழம்புக்கு உடல் கொடுக்கிறது. ஆகவே மத்தி, அயிலை, சூரை போன்ற எண்ணெய்ச் சத்து மிக்க மீன்கள் இதற்கு ஆகா. வஞ்சிரம் விலையில் உயர்ந்ததாயினும் கொதிக்கும் குழம்பில் சக்கையாகிவிடும். விருந்து என்றதும் வஞ்சிரத்தைத் தேடி ஓடும் நம் வழக்கத்தை இந்த ஒரு நாளைக்கு ஒதுக்கிவையுங்கள். களவா, கொடுவா, விளைமீன், பாறை ஆகியவற்றில் எவை கிடைக்கின்றனவோ அவற்றில் இரண்டு கெட்டிச் சதை மீன்களாக எடுங்கள். சங்கராவும் கிழங்கானும் மென்சதை மீன்கள். இவற்றில் ஒன்றோ இரண்டோ சேரட்டும். எட்டுப் பேருக்குச் சுத்தம் செய்த மீன் 2 கிலோ இருந்தால் தாராளம். இதைத் தவிர சாற்றுக்கென்று தனியாக 1 கிலோ வேண்டும். பெரிய களவாத் தலை ஒன்று, மீதிக்குக் கடையில் கழித்துப்போடும் பொடிச் சங்கரா, இறால் தலை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் பொடி மீனை யாரும் மதிப்பதில்லை. இந்தக் குழம்புக்கு ஆதாரமே அதுதான்.

ஆடி முடிந்ததும் அவர்கள் வருவது நல்லதாயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் தடை இருக்கும். ஆகஸ்டு பாதிக்குமேல் இரு கரைகளிலிருந்தும் வண்டி வந்துகொண்டிருக்கும். புரட்டாசி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் பாதி வீடுகளில் மீன் சட்டி ஏறாது. கடைக்காரர்களும் சரக்கைக் குறைத்துவிடுவார்கள். ஆகையால் விருந்தை ஆவணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கடையில் செவுளைத் தூக்கிப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். செவுளில் சாயம் தடவி வைப்பவர்களும் உண்டு என்பதால் நான் அதோடு நிற்பதில்லை. வயிற்றோரச் சதையை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். வயிற்று உட்சுவரில் உள்ள மெல்லிய முள் சதையோடு ஒட்டியிருக்க வேண்டும். முள் தனியாகப் பிரிந்து குத்திட்டு நின்றால் அந்த மீன் பெட்டியில் நெடுநாள் கிடந்தது என்று பொருள். தலைகளைச் சாற்றில் போடுமுன் செவுளை முழுவதும் அறுத்து எறிந்துவிடுங்கள். ஒரு செவுள் தங்கினாலும் சாறு கசக்கும். நண்டு சேர்ப்பதாக இருந்தால் உயிரோடு இருப்பதை மட்டும் வாங்குங்கள். நம் ஊருக்கு அப்படி வருவது அரிது என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது.

மீன் வாங்கும் நாளும் சமைக்கும் நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். முந்தைய நாளே கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டு, விடியற்காலையில் பெட்டி உடைக்கும்போது போய் நில்லுங்கள்.

பதில்: புதுவைச் சமையல்கட்டு

மேலே எழுதியவர் மீனைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் புதுச்சேரியில் பிறந்து, வாழ்க்கைப்பட்டுத் தருமபுரிக்கு வந்தவள். எங்கள் ஊரில் பிரெஞ்சுத் தொடர்புள்ள குடும்பங்களில் இந்தக் குழம்பு உள்ளூர் மீனோடும் உள்ளூர் மசாலாவோடும் கலந்து வேறு ஒரு வடிவம் எடுத்திருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளைகள் எதிர்பார்ப்பது மார்சேய்ச் சுவையை என்பதால் அதற்குரிய முறையையே எழுதுகிறேன்.

கிழங்கு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். நம் வீட்டுச் சோம்பும் அந்தக் கிழங்கும் ஒரே செடியினத்தைச் சேர்ந்தவை; கிழங்கு என்று சொல்வது தண்டின் அடி பருக்கும் ஒரு வகை மட்டுமே. 2 தேக்கரண்டி சோம்பை ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டால் அந்த மணம் வந்துவிடும். சோம்பு மணமுள்ள மதுவுக்கும் இதுவே ஈடு. வெள்ளை மது பல வீடுகளில் சேர்ப்பதே இல்லை. தைம் என்ற மூலிகைக்கு ஒரு சிட்டிகை ஓமம் போதும், ஏனென்றால் இரண்டிலும் தைமால் என்ற ஒரே மணப்பொருள் இருக்கிறது. கமலா ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி இல்லாமல் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு சீவி வைத்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லித் தழை மட்டும் வேண்டாம். அது சேர்ந்த நொடியில் குழம்பு நம் ஊர்க் குழம்பாகிவிடும். பார்சிலி கிடைத்தால் கடைசியில் தூவலாம், கிடைக்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

குங்குமப்பூ விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள். மஞ்சள் தூள் நிறத்தைக் கொடுக்கும். மணத்துக்கு அதனால் பக்கத்தில்கூட வர முடியாது. அரை கிராம் பெட்டி ஒன்று எட்டுப் பேருக்குப் போதும். வாங்கியதும் இரண்டு இழையை வெதுவெதுப்பான நீரில் இடுங்கள். நல்ல பூவாக இருந்தால் நீர் மெதுவாகப் பொன்மஞ்சள் ஆகும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் நீர் சிவந்து இழை வெளுத்துப்போனால் அது சாயம் ஏற்றிய நார். மீதிப் பூவைச் சமைக்கத் தொடங்கும்போதே அரைக் கோப்பை வெந்நீரில் ஊறப்போட்டுவிடுங்கள்.

இனிச் சாறு. 150 மில்லி ஆலிவ் எண்ணெயில் பாதியை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, 300 கிராம் வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்குங்கள். வெங்காயம் பளபளவென்று குழைய வேண்டுமே தவிரச் சிவக்கக் கூடாது. சிவந்தால் இனிப்பு ஏறிப் பிரியாணிக்குரிய வாசனை வந்துவிடும். ஒரு முழுப் பூண்டை உரித்துத் தட்டிப் போட்டு, சோம்பு, ஓமம், ஆரஞ்சுத் தோல், அரை கிலோ தக்காளி என்று வரிசையாகச் சேருங்கள். தக்காளி கரைந்ததும் தலைகளையும் பொடி மீன்களையும் போட்டு, அவை உடைந்து சிதையும்வரை மரக்கரண்டியால் நன்றாகக் கிளறுங்கள். இரண்டரை லிட்டர் வெந்நீரும் உப்பும் சேர்த்து அரை மணி நேரம் கொதித்தால் போதும். அதற்குமேல் கொதித்தால் எலும்பின் கசப்பு இறங்கும். பிறகு கீரை மத்தால் கடைந்து, கண் சிறிய வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்திப் பிழியுங்கள். மிக்சியில் அரைக்க வேண்டாம். முள் பொடியாகி வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும், குழந்தைகள் சாப்பிட முடியாது. பிழிந்த சாறு கஞ்சிப் பதத்துக்குச் சற்று இளக்கமாக, செங்காவி நிறத்தில் இருக்கும்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மீன் குழம்பு என்றால் நாம் தீயைத் தணித்து எண்ணெய் மேலே மிதந்து பிரியும்வரை காத்திருப்போம். எண்ணெய் பிரிந்தால்தான் குழம்பு வெந்தது என்று நமக்குக் கணக்கு. இங்கே நேர் எதிர். எண்ணெய் பிரியவே கூடாது. வடிகட்டிய சாற்றில் மீதி எண்ணெயையும் குங்குமப்பூ நீரையும் ஊற்றி, அடுப்பை முழுத் தீயில் வைத்துப் பாத்திரம் அதிரும்படி கொதிக்கவிட வேண்டும். அந்தக் கொதிப்பு எண்ணெயை நுண்ணிய துளிகளாக உடைக்கிறது. மீன் எலும்பிலிருந்து இறங்கிய பசை அந்தத் துளிகளை மீண்டும் ஒன்றுசேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் மேலே வட்ட வட்டமாக எண்ணெய் மின்னும். சில நிமிடங்களில் வட்டங்கள் சிறுத்து, ஓரத்து நுரை வெளுத்து, பிறகு எண்ணெய் இருந்த இடமே தெரியாமல் குழம்பு முழுவதும் ஒரே மங்கிய ஆரஞ்சு நிறமாகும். வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் எண்ணெய்க் கோடு தனியாக ஓடாவிட்டால் பதம் சரி. உங்கள் வீட்டு எரிவாயு அடுப்பில் பெரிய பர்னரையே பயன்படுத்துங்கள். எட்டுப் பேருக்கான அளவை ஒரே பாத்திரத்தில் வைத்துக் கொதிப்பு ஏறவில்லை என்றால் இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுங்கள்.

முக்கால் கிலோ உருளைக்கிழங்கை விரற்கடைக் கனத்தில் வட்டமாக நறுக்கி இந்தக் கொதியில் போடுங்கள். அது முக்கால் பதம் வெந்ததும் களவா, விளைமீன் போன்ற கெட்டி மீன்களைப் போட்டு ஆறேழு நிமிடம். அடுத்து சங்கரா, கிழங்கான் வகைகளைப் போட்டு மூன்று நான்கு நிமிடம். இறால் சேர்ப்பதானால் இறுதியில், நிறம் மாறும்வரை மட்டும். மீனைப் போட்டபின் கரண்டி போடாதீர்கள், பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்குங்கள். அடுப்பை அணைத்ததும் மீனை அகப்பையால் அள்ளித் தாம்பாளத்தில் வைத்துவிட வேண்டும். அந்தச் சூட்டிலேயே விட்டுவைத்தால் துண்டுகள் உதிர்ந்து கூழாகிவிடும்.

பரிமாறுவதிலும் முறை உண்டு. மார்சேய்ச் சாசனப்படி சாறும் மீனும் தனித்தனித் தட்டில் வரும். மீனைச் சாப்பிடுபவரின் கண்ணெதிரே அறுத்துப் பங்கிடுவார்கள். காய்ந்த ரொட்டித் துண்டில் பச்சைப் பூண்டைத் தேய்த்து, அதன்மேல் ரூய் என்னும் துவையலைத் தடவிச் சாற்றில் மிதக்கவிட்டு முதலில் அதைக் குடிப்பார்கள், பிறகு மீன். நம் அடுமனை ரொட்டியில் இனிப்பு இருக்கும் என்பதால், இனிப்புச் சேராத ரொட்டியாகக் கேட்டு வாங்கித் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் மொறுமொறுப்பாக வாட்டிக்கொள்ளுங்கள்.

ரூய் செய்யப் பலர் பச்சை முட்டையின் மஞ்சள் கரு சேர்ப்பார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைசைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது வணிகத்துக்கான ஆணை என்றாலும், கிருமிப் பயம் வீட்டுக்கும் பொருந்தும். பிள்ளைகள் சாப்பிடுவதால் முட்டையை விட்டுவிடலாம். ஓரம் நீக்கிய இரண்டு ரொட்டித் துண்டுகளைச் சாற்றில் நனைத்துப் பிழிந்து, ஊறவைத்து விதை எடுத்த இரண்டு காய்ந்த மிளகாய், நான்கு பல் பூண்டு, உப்பு, துளி குங்குமப்பூ நீர் ஆகியவற்றோடு அம்மியில் மை போல அரையுங்கள். பிறகு ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரண்டியால் குழைத்துக்கொண்டே வந்தால் வெண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடும். சமையலில் அம்மிக்கு இணையான கருவி இதற்கு வேறு இல்லை என்பது என் கட்சி.

பதில்: பாலக்கோட்டான்

புளிக்கு மட்டும் என் பதில். ஊற்றாதீர்கள். நம் இரு மாவட்டங்களும் புளிக்குப் பெயர்போனவை, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் புளி கரைத்தால் குழம்பு கறுக்கும். குங்குமப்பூவுக்குக் கொடுத்த பணமும் அதோடு கரைந்துபோகும். புளிப்பு போதவில்லை என்றால் தக்காளியிலேயே அதைக் கொண்டுவரலாம். சந்தையில் இன்று வருவது பெரும்பாலும் சதைப்பற்றுள்ள, புளிப்புக் குறைந்த ஒட்டு ரகம். எங்கள் பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ நாட்டுத் தக்காளி கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். அம்மாவுக்கென்று இரண்டு துண்டு மீனைத் தனியே எடுத்துச் சின்னச் சட்டியில் புளிக்குழம்பு வைத்துவிடுங்கள், வீட்டில் அமைதி நிலவும்.

காவேரிப்பட்டணத்து மருமகள்

மூவருக்கும் மிக்க நன்றி. எண்ணெய் பிரியக் கூடாது என்பது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. எந்தக் காணொளியிலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. மாமியாருக்குத் தனிச் சட்டி என்ற யோசனையை அவரிடமே சொன்னேன், உடனே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அணை மீனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அன்று விடியற்காலையில் கடல் மீன் பெட்டி நன்றாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். விருந்தை நிறுத்த முடியாது. அப்போது அணையில் கிடைக்கும் விரால், ஜிலேபி, கட்லா, ரோகு ஆகியவற்றில் எதையாவது இதே முறையில் போடலாமா?

பதில்: பென்னாகரத்து மீன்பிரியன்

அம்மா, போடலாம், ஆனால் அதை பூயாபேஸ் என்று சொல்லிப் பரிமாறாதீர்கள். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பிரான்சில் எல்லோரும் கடற்கரையில் வாழவில்லை. கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் பர்கண்டிப் பகுதியில், ஆற்று மீன்களைக் கொண்டே போஷூஸ் என்ற குழம்பு வைக்கிறார்கள். சோன் ஆறும் தூ ஆறும் கூடுமிடத்தில் உள்ள வெர்தன் என்ற சிற்றூர் அதற்குப் புகழ்பெற்றது. விலாங்கு, பைக், பெர்ச், டென்ச் ஆகிய ஆற்று மீன்களைப் பூண்டும் மூலிகையும் சேர்த்து வெள்ளை மதுவில் வேகவைத்து, அந்தச் சாற்றை வெண்ணெயும் மாவும் சேர்த்துக் கெட்டியாக்கி, பூண்டு தேய்த்த ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் ஆற்று மீனைப் பயன்படுத்துவதில் அவர்களுக்கு எந்தத் தாழ்வு மனப்பான்மையும் இல்லை. காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தரும் பெண்களிடம் சாப்பிட்டவர்கள் யாரும், கடல் மீன்தான் உயர்ந்தது என்று வாதிடமாட்டார்கள்.

மீன்களில் விரால்தான் முதல் தேர்வு. கெட்டிச் சதை, நடுமுள்ளைத் தவிர முள் குறைவு, உயிரோடு கிடைக்கும். அடுத்தது ஜிலேபி. ஆரல் கிடைத்தால் விடாதீர்கள், விலாங்கின் இடத்தை அது நிரப்பும். கட்லாவிலும் ரோகுவிலும் சதைக்குள்ளேயே கவைமுள் ஒளிந்திருக்கும். பிரான்சில் வளரும் பிள்ளைகள் முள் பிரித்துச் சாப்பிட்டுப் பழகியிருக்கமாட்டார்கள் என்பதால் அவற்றின் சதையை விட்டுவிட்டுத் தலையை மட்டும் சாற்றுக்கு எடுங்கள். பெரிய கட்லாத் தலையில் உள்ள பசைக்கு ஈடாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அணை மீனில் உங்கள் மாமியார் சொல்லும் கவிச்சை வேறு, சேற்று வாடை வேறு. தேங்கிய நீரில் நுண்ணுயிர்களும் பாசிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கருஞ்சதையிலும் கொழுப்பிலும் தங்குவதால் வருவது சேற்று வாடை. புளிப்புப் பொருள் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்துவிடும். புளித்தண்ணீரிலும் எலுமிச்சையிலும் மோரிலும் மீனை அலசுகிற நம் வீட்டு வழக்கம் சரியானதே என்பதற்கு இதுவே காரணம். ஆகவே மாமியாருடைய புளிக்கும் வேலை உண்டு; அதைக் குழம்பில் ஊற்றாமல் மீன் கழுவுவதற்குப் பயன்படுத்துங்கள். கல்லுப்புப் போட்டுத் தேய்த்து வழுவழுப்பு நீங்கியதும், நீர்த்த புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் இரண்டு முறை அலசுங்கள். விரால் தோலை உரித்துவிட்டால் இன்னும் நல்லது. கட்லாவின் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையைத் தலையோடு ஒட்டிவராமல் சீவி எறியுங்கள்.

மது இல்லாமல் செய்வதால் புளிப்புக்கு வேறு வழி வேண்டும். புதுவை அம்மையார் சொன்ன முறையில் சாறு எடுக்கும்போது தக்காளியைக் கால் கிலோவாகக் குறைத்து, குங்குமப்பூவையும் ஆரஞ்சுத் தோலையும் விட்டுவிட்டு, கடைசியில் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். வெண்ணெய் 50 கிராமும் மைதா 50 கிராமும் பிசைந்த உருண்டையைச் சிறுகச் சிறுகக் கிள்ளிப் போட்டுக் கலக்கினால் சாறு கட்டி தட்டாமல் கெட்டிப்படும். மாவின் பச்சை வாசனை போக ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். அதன்பிறகு தீயைத் தணித்து, விரால் துண்டுகளை முதலிலும் ஜிலேபியைப் பின்பும் போடுங்கள். இதற்கு முழுத் தீ தேவையில்லை. எண்ணெயைக் கட்டிப்போடும் வேலையை இங்கே மாவு செய்துவிடுகிறது.

என் யோசனை என்னவென்றால், முந்தின நாளே இரண்டுக்கும் உரிய பொருள்களை வாங்கி வைத்துவிடுங்கள். வித்தியாசம் குங்குமப்பூ, ஆரஞ்சுத் தோல் ஒருபுறம். வெண்ணெய், மைதா, எலுமிச்சை மறுபுறம், அவ்வளவுதான். காலையில் கடல் மீன் பெட்டியைப் பார்த்தபின் எது என்று முடிவு செய்யலாம்.

பதில்: பழையபேட்டைக்காரன்

பென்னாகரத்து நண்பர் சொல்வது முற்றிலும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கடல் மீன் பாதி நன்றாகவும் பாதி மோசமாகவும் இருந்தால் இரண்டையும் கலந்துவிடலாம் என்று தோன்றும், கலக்காதீர்கள். விராலுக்குக் குங்குமப்பூவும் ஆரஞ்சுத் தோலும் ஒத்துவராது, களவாவுக்கு மாவும் வெண்ணெயும் தேவையில்லை. நல்ல கடல் மீன் ஒரே வகைதான் கிடைத்தது என்றால், அதை மிளகாய் தடவி வறுத்துத் தனிப் பதார்த்தமாக வைத்துவிட்டு, குழம்பை முழுக்க அணை மீனிலேயே வையுங்கள்.

மீந்த சாற்றை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மீனைத் தனியே எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலையில் அது பாகு போல உறைந்திருக்கும். அதைச் சூடாக்கிக் களியோடு சாப்பிட்டுப் பாருங்கள். கேழ்வரகுக் களிக்கு மார்சேய்க்காரர்கள் இதைக் கொடுத்துப் பார்த்திருந்தால் ரொட்டியை விட்டிருப்பார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வதுண்டு.